தொலைபேசி ஒட்டுக்கேட்பு: சட்டம் எங்கே காக்கிறது, எங்கே கைவிடுகிறது

திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் நண்பர் கேட்டிருக்கிறார்: "என் அண்ணன் தொழிற்சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறார். புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்த பிறகு யாருடைய போனை வேண்டுமானாலும் அரசு ஒட்டுக்கேட்கலாம் என்கிறார்கள். தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் என்று வேறொருவர் சொல்கிறார். இதில் எது சரி? எங்கள் போன் ஒட்டுக்கேட்கப்படுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" மூன்று கேள்வியாக இருந்தாலும் அவர் அறிய விரும்புவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அரசு கேட்க ஆரம்பித்துவிட்டால் அதைத் தட்டிக்கேட்க யார் இருக்கிறார்கள், சாதாரண மனிதனுக்கு அதில் ஏதாவது பிடிமானம் உண்டா என்பதுதான் அது. சென்னையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குற்ற வழக்குகள் நடத்துகிறேன். ஒட்டுக்கேட்ட உரையாடல்கள் சாட்சியமாக வந்த வழக்குகளும் அவற்றில் உண்டு. நான் பொறியாளர் இல்லை, அதனால் கருவிகளைப் பற்றிக் கொஞ்சமாகவும் சட்டத்தைப் பற்றி விரிவாகவும் சொல்கிறேன்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. யார் போனை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தில் 5(2) என்றொரு பிரிவு இருந்தது. நமக்குத் தெரிந்த வடிவில் அது 1972-இல் எழுதப்பட்டது. இப்போது அதன் இடத்தில் 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20(2) பிரிவு இருக்கிறது. 2024 ஜூன் 26 முதல் அது நடைமுறையில் உள்ளது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். ஒட்டுக்கேட்க வேண்டுமானால் முதலில் ஒரு பொது நெருக்கடி நேர்ந்திருக்க வேண்டும், அல்லது பொதுமக்களின் பாதுகாப்பு அதைக் கேட்க வேண்டும். இது முதல் வாசல். அதைத் தாண்டிய பிறகுதான் நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, குற்றத்துக்குத் தூண்டுவதைத் தடுத்தல் என்ற காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். அது இரண்டாவது வாசல். இரண்டையும் தாண்டியாக வேண்டும். எனக்குத் தெரிந்த பல ஆணைகளில் இரண்டாவது வாசலை மட்டும் எழுதி, முதல் வாசலைக் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள்.

ஆக, புதிய சட்டம் எல்லாக் கதவையும் திறந்துவிட்டது என்ற பயம் முழுக்கச் சரியில்லை. பழைய கதவைத்தான் புதிய சட்டத்திலும் மாட்டியிருக்கிறார்கள், பொது நெருக்கடிக்குள் பேரிடர் மேலாண்மையையும் சேர்த்து. எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. 138 ஆண்டுக்குப் பிறகு ஒரு சட்டத்தை மாற்றி எழுதும்போது பழைய குறைகளைச் சரிசெய்திருக்கலாம், செய்யவில்லை.

அந்தக் குறை என்ன என்று புரிய 1996-க்குப் போக வேண்டும். அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டது பற்றிய சி.பி.ஐ. அறிக்கை ஒன்று பத்திரிகையில் வெளியானதைத் தொடர்ந்து பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. அந்த ஆண்டு டிசம்பர் 18-இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. வீட்டிலோ அலுவலகத்திலோ ஒருவர் தொலைபேசியில் பேசுவது அவருடைய அந்தரங்கத்தின் பகுதி, அதைக் கேட்பது உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்புத் தரும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவைத் தொடும் என்றது. பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டு சொற்களுக்கும் பொருள் சொன்னது. இரண்டுமே மக்களைப் பரவலாகப் பாதிக்கும் நிலைமைகள், கோப்புக்குள் ரகசியமாக இருக்கக்கூடியவை இல்லை, விவரம் தெரிந்த எந்த மனிதனுக்கும் வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்றது. உள்துறைச் செயலர்தான் ஆணையிட வேண்டும், இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது, ஒரு மறுஆய்வுக் குழு அதைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் விதித்தது. ஆனால் மனுதாரர்கள் கேட்ட முக்கியமான ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. கேட்பதற்கு முன்னால் ஒரு நீதிபதியின் அனுமதி வேண்டும் என்பதுதான் அது. இன்று வரை அது கிடைக்கவில்லை.

அந்த வழிகாட்டுதல்கள் 2007-இல் 419-ஏ என்ற விதியாயின. 2024 டிசம்பரில் புதிய சட்டத்தின் கீழ் புதிய விதிகள் வந்தன. அவற்றில் நல்லதும் உண்டு. அவசரம் என்று சொல்லிச் செயலரின் ஆணை இல்லாமலே அதிகாரிகள் தொடங்கும் ஒட்டுக்கேட்புக்கு ஏழு வேலை நாளுக்குள் ஒப்புதல் கிடைக்காவிட்டால், உடனே நிறுத்த வேண்டும், அதுவரை கேட்டதை நீதிமன்றத்தில் சாட்சியமாகக்கூடப் பயன்படுத்தக்கூடாது.

இப்போது நம் ஊர்த் தீர்ப்புக்கு வருகிறேன். அதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 2011 ஆகஸ்டில், சென்னையைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் உயரதிகாரியின் செல்பேசியை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை ஆணையிட்டது. வருமான வரி அதிகாரி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் லஞ்சம் கொடுக்கப் போகிறார்கள் என்பது சி.பி.ஐ.யின் குற்றச்சாட்டு. ஒட்டுக்கேட்டார்கள், வழக்குப் பதிந்தார்கள். ஒட்டுக்கேட்ட ஆணையே செல்லாது என்று அவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார். 2025 ஜூலை 2-இல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அந்த ஆணையை ரத்து செய்தார். லஞ்சம் குற்றம்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் மறைவாக நடக்கும் ஒரு குற்றத்தைக் கண்டுபிடிப்பது பொது நெருக்கடியும் ஆகாது, பொதுப் பாதுகாப்பும் ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம். துப்புத் துலக்கும் வசதிக்காக ஒட்டுக்கேட்கும் அதிகாரத்தை நாடாளுமன்றம் அந்தப் பிரிவில் கொடுக்கவில்லை, கொடுக்காததை நீதிமன்றம் சேர்த்துப் படிக்க முடியாது. கேட்டவற்றை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவும் இல்லை, அதனால் 419-ஏ விதியும் மீறப்பட்டது என்றார். அந்த உரையாடல்களை எதற்கும் பயன்படுத்தக்கூடாது, ஒட்டுக்கேட்பைச் சாராமல் தனியாகத் திரட்டிய ஆதாரம் இருந்தால் அதைக் கீழ் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடித்தார்.

இந்தத் தீர்ப்பைப் படித்த அன்று எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே சமயம் தேதிகளையும் பாருங்கள். ஆணை 2011, தீர்ப்பு 2025. கிட்டத்தட்ட 14 ஆண்டுகள். அதுவும் வழக்கறிஞர் வைத்துப் போராட வசதி உள்ள ஒருவருக்கு.

இனி சந்தேகமான பகுதி. சென்னைத் தீர்ப்புக்குச் சில நாள் முன்னால், 2025 ஜூன் கடைசியில், டெல்லி உயர் நீதிமன்றம் வேறொரு ஊழல் வழக்கில் எதிர்த் திசையில் போனது. பெரிய தொகை சம்பந்தப்பட்ட ஊழல் நாட்டின் பொருளாதாரத்தையும் மக்களின் நம்பிக்கையையும் பாதிக்கும், அதனால் அது பொதுப் பாதுகாப்புக்குள் வரலாம் என்பது அதன் பார்வை. மும்பை உயர் நீதிமன்றமோ 2019-இலேயே, இதேபோன்ற லஞ்ச வழக்கில், ஒட்டுக்கேட்ட பதிவுகளை அழிக்கவே உத்தரவிட்டிருந்தது. உயர் நீதிமன்றங்கள் இப்படி ஆளுக்கொரு பக்கம் நிற்கும்போது சட்டம் இதுதான் என்று நான் அடித்துச் சொன்னால் அது நேர்மையாகாது. மும்பையும் சென்னையும் சொன்னதுதான் சரி என்பது என் கருத்து. பொருளாதாரப் பாதிப்பைப் பொதுப் பாதுகாப்பு என்று படிக்க ஆரம்பித்தால், முதல் வாசலுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். எந்தக் குற்றம்தான் எங்கோ ஓரிடத்தில் பொருளாதாரத்தைப் பாதிக்கவில்லை?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சட்டவிரோதமாகக் கேட்டார்கள் என்றாலே சாட்சியம் செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி இல்லை. மல்கானி வழக்கில் 1972-இல் உச்ச நீதிமன்றம், முறைகேடாகக் கிடைத்த ஒலிப்பதிவையும் ஏற்கலாம் என்று சொல்லியிருக்கிறது. அரசு வழக்கறிஞர்கள் இன்றும் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான். அங்கே பேசிய இருவரில் ஒருவர் சம்மதித்துத்தான் பதிவு நடந்தது, இருவருக்கும் தெரியாமல் அரசு கேட்டது இல்லை என்று நாங்கள் வாதாடுவோம். 2017 ஆகஸ்ட் 24-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அறிவித்த பிறகு மல்கானி தீர்ப்பு அப்படியே நிற்க முடியாது என்றும் சொல்வோம். சில நீதிபதிகள் ஏற்கிறார்கள், சிலர் ஏற்பதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் குரல் அழைப்பைப் பற்றியது. எனக்கு அதைவிடக் கவலை தரும் பிரிவு வேறிடத்தில் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு, கணினியிலும் செல்பேசியிலும் உருவாகும், சேமிக்கப்படும், போய்வரும் எந்தத் தகவலையும் இடைமறிக்கவும் கண்காணிக்கவும் பூட்டு நீக்கிப் படிக்கவும் அனுமதிக்கிறது. அங்கே முதல் வாசலே கிடையாது. பொது நெருக்கடி வேண்டாம், பொதுப் பாதுகாப்பும் வேண்டாம். எந்தக் குற்றத்தைப் புலனாய்வு செய்வதற்காகவும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஒத்துழைக்க மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை. 2018 டிசம்பர் 20-இல் மத்திய உள்துறை இந்த அதிகாரத்தைப் பத்து அமைப்புகளுக்கு வழங்கி ஆணை வெளியிட்டது. உளவுத்துறை, சி.பி.ஐ., என்.ஐ.ஏ., அமலாக்கத்துறை, நேரடி வரிகள் வாரியம், டெல்லி காவல் ஆணையர் எல்லோரும் அதில் உண்டு. சென்னைத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு 69-ஐ எதிர்க்கப் போனால், அதே வாதம் அப்படியே உதவாது. புட்டசாமி தீர்ப்பு சொன்ன அளவுகோலை, அதாவது நோக்கத்துக்கும் தலையீட்டுக்கும் பொருத்தமான விகிதம் வேண்டும் என்பதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் யாருடன், எப்போது, எத்தனை நிமிடம், எந்தக் கோபுரத்தின் கீழிருந்து பேசினீர்கள் என்ற அழைப்பு விவரப் பட்டியல் இன்னும் எளிது. அதற்கு உள்துறைச் செயலர் வேண்டாம், காவல்துறை மட்டத்திலேயே வாங்கிவிடலாம். 2021 டிசம்பரில் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் உரிமத்தை மாற்றி, அவை அந்தப் பட்டியலைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். அதற்கு முன் ஓராண்டுதான். உங்கள் அண்ணனைப் போன்ற ஒருவரின் பட்டியலைப் பார்த்தால், பேச்சைக் கேட்காமலே வேலைநிறுத்தத்துக்கு முந்தைய இரவு யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று சங்கத்தின் முழு உருவத்தையும் வரைந்துவிடலாம்.

சரி, இதையெல்லாம் யார் கண்காணிக்கிறார்கள்? மத்தியில் அமைச்சரவைச் செயலர் தலைமையில் ஒரு குழு, மாநிலத்தில் தலைமைச் செயலர் தலைமையில் ஒரு குழு. இரண்டிலும் இருப்பவர்கள் அரசின் செயலர்கள் மட்டுமே. நீதிபதி இல்லை, எதிர்க்கட்சி இல்லை, வெளியாள் யாரும் இல்லை. 2013-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த ஒரு பதிலின்படி, மத்திய அரசு மட்டும் மாதத்துக்குச் சராசரியாக 7,500 முதல் 9,000 ஆணைகள் வரை போட்டிருக்கிறது. குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடினால் போதும் என்பது பழைய விதி. அப்படியென்றால் ஒரு கூட்டத்தில் 15,000 முதல் 18,000 ஆணைகள். தரவுப் பாதுகாப்பை ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018 அறிக்கையும் இந்தக் கணக்கைச் சுட்டிக்காட்டிக் கவலைப்பட்டது. வேறு பெரும் பொறுப்புகளும் உள்ள மூன்று செயலர்கள் இத்தனை கோப்பைப் படிப்பார்கள் என்று நம்ப என்னால் முடியவில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. மனிதரால் முடியாத வேலை அது. அமெரிக்காவில் குற்ற வழக்குக்காக ஒட்டுக்கேட்க நீதிபதியிடம் போக வேண்டும், முடிந்த பிறகு பொதுவாக 90 நாளுக்குள் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். பிரிட்டனில் 2016 சட்டப்படி அமைச்சர் கையெழுத்திட்டாலும் நீதித்துறை ஆணையர் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும். அந்த நாடுகளிலும் உளவு அமைப்புகள் எல்லை மீறிய கதைகள் ஏராளம். ஆனாலும் கேட்பவருக்கு வெளியே இன்னொருவர் அந்தத் தாளைப் படிக்கிறார் என்ற வித்தியாசம் சின்னதில்லை.

உங்கள் போன் ஒட்டுக்கேட்கப்படுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்ற கேள்விக்கு நேரான பதில், வழியில்லை என்பதுதான். போனில் கரகரவென்று சத்தம் வருகிறது, பேட்டரி சூடாகிறது என்று என்னிடம் வருபவர்கள் உண்டு. சட்டப்படியான ஒட்டுக்கேட்பு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் அமைப்பிலேயே நடப்பதால் உங்கள் கையிலிருக்கும் கருவியில் எந்த அடையாளமும் தெரியாது. நிறுவனத்தைக் கேட்டாலும் சொல்லக்கூடாது என்பது விதி. தகவல் உரிமைச் சட்டம் வழியாகக் கேட்ட ஒரு வழக்கில், அந்த விவரத்தைத் தர வேண்டியதில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பெகாசஸ் போலக் கருவிக்குள்ளேயே புகும் மென்பொருள் வேறு ரகம். அதைத் தேர்ந்த ஆய்வகம்தான் தேட முடியும். உச்ச நீதிமன்றம் அமைத்த குழு பார்த்த 29 செல்பேசிகளில் ஐந்தில் தீங்கான மென்பொருள் இருந்தது, ஆனால் அது பெகாசஸ்தான் என்று முடிவாகச் சொல்ல முடியவில்லை. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் குழு தெரிவித்ததாக 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டது.

தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் என்று கேட்டவருக்கும் ஒரு வார்த்தை. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்று ஒருவர் இருந்தார். 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடித்து, ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனாலும் அவர் பெயரில் போலீஸ் ஒரு பதிவேடு திறந்து, நள்ளிரவில் வந்து கதவைத் தட்டி, வீட்டில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தது. 1962-இல் உச்ச நீதிமன்றம் அந்த இரவு வருகையை மட்டும் தடுத்தது, அந்தரங்கம் உரிமையில்லை என்றது. ஒருகாலத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த சுப்பாராவ், நீதிபதி ஷாவும் உடன்பட, பெரும்பான்மையிலிருந்து மாறுபட்டு, கண்காணிக்கப்படுகிறோம் என்று தெரிந்த மனிதன் சுதந்திரமாக நடமாட முடியாது என்ற நோக்கில் எழுதினார். 55 ஆண்டு கழித்து புட்டசாமி வழக்கின் ஒன்பது நீதிபதிகளும் அவர் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அப்புறம், ஒரு எண்ணை ஒட்டுக்கேட்டால் அந்த எண்ணுக்குப் பேசும் எல்லோரையும்தான் கேட்கிறார்கள். நான் பார்த்த ஒரு எழுத்துப்படியில், வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெண் தன் கருச்சிதைவைப் பற்றித் தன் அக்காவிடம் அழுதது வரிக்கு வரி தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அந்த எண் அக்காவின் கணவர் பெயரில் இருந்தது. அந்தப் பெண் எந்தத் தப்பும் செய்யவில்லை. அந்தப் பக்கங்களை நீதிமன்ற ஊழியர், எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள், அவர்களுடைய ஜூனியர்கள் எல்லோரும் படித்தார்கள்.

நடைமுறையில் உங்கள் அண்ணனுக்குச் சொல்லக்கூடியது இது. சங்க விஷயத்தைப் பேச முழு மறையாக்கம் உள்ள செயலிகளைப் பயன்படுத்தட்டும். தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வழியாகக் கேட்பவர்களுக்கு அந்தப் பேச்சின் உள்ளடக்கம் கிடைக்காது. ஆனால் போனையே பறிமுதல் செய்தால் எல்லாம் கிடைத்துவிடும். என் அனுபவத்தில் ஒட்டுக்கேட்பைவிடப் பறிமுதல்தான் அதிகம் நடக்கிறது. அப்படி எடுத்தால், எடுத்ததற்கான பறிமுதல் மகஜரின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 105-ஆவது பிரிவுப்படி சோதனையையும் பறிமுதலையும் ஒளி-ஒலிப் பதிவு செய்வது கட்டாயம். கடவுச்சொல்லைச் சொல்லியே ஆக வேண்டுமா என்பதில் நீதிமன்றங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. வழக்கறிஞரிடம் பேசாமல் சொல்ல வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

ஒருவேளை ஒட்டுக்கேட்ட உரையாடலோடு குற்றப்பத்திரிகை வந்தால், பெரும்பாலும் அன்றுதான் உங்களுக்கே விஷயம் தெரியும். குறுந்தகட்டில் என்ன பேசியிருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் தாள்களைக் கேளுங்கள். ஆணையின் நகல், ஒவ்வொரு நீட்டிப்பின் நகல், மறுஆய்வுக் குழுவின் முன் வைத்ததற்கான ஆவணம், மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ். பி.என்.எஸ்.எஸ். 230-இன் கீழ் நகல்களைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆணையில் உள்ள எண், தேதி, காரணம் மூன்றையும் உரையாடல் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பதிவைச் சாட்சியமாகக் குறியிடும்போதே ஆட்சேபணையைப் பதிவு செய்யுங்கள், மேல்முறையீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கில் இப்படித்தான் தாள்களைக் கேட்டு ஐந்து மாதம் அலைந்தோம். கடைசியில் ஆணை வந்தது. அரசுத்தரப்பு பெரிதும் நம்பியிருந்த உரையாடல், அந்த ஆணையில் இருந்த தேதிக்கு மூன்று நாள் முன்னால் நடந்தது. புலனாய்வு அதிகாரியைக் குறுக்கு விசாரணையில் கேட்டபோது, அந்த மூன்று நாளுக்கு வேறு ஆணை இருந்ததா என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. நீதிபதி அந்தப் பதிவைக் குறியிட மறுத்தார். மற்ற சாட்சிகளை வைத்து வழக்கு தொடர்ந்தது.